யோசனை கேளுங்கள், குலுக்கல் மட்டும் வேண்டாம்

வாசகியின் கடிதம் நீளமானது. பெயரையும் ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், தங்கச்சிமடத்தில் 12 அறைகள் உள்ள லாட்ஜ். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் கூட்டாகத் தொடங்கியது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த மகள்தான் இப்போது நிர்வாகம் பார்க்கிறார். ஆடி, தை அமாவாசைக்கு இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. ராமேஸ்வரத்துக்குள் புதிது புதிதாக வரும் ஹோட்டல்களோடு போட்டி போடக் கையில் பணம் இல்லை. அதனால், தங்கிப்போனவர்கள், ஊர்க்காரர்கள், முகம் தெரியாதவர்கள் என்று எல்லாரிடமும் வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் வழியாக "எங்கள் லாட்ஜை எப்படி மாற்றலாம்?" என்று கேட்கப்போகிறார். இப்படிப் பலரிடமும் யோசனை திரட்டுவதைக் கிரவுட்சோர்சிங் என்று கேள்விப்பட்டு, அதைத் தன் லாட்ஜில் செய்து பார்க்க ஆசை.

யோசனை அனுப்புகிற எல்லாருடைய பெயரையும் குலுக்கிப் போட்டு, ஒருவருக்கு 25,000 ரூபாய். ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு வாடகையில் 10 சதவீதம் தள்ளுபடி. புதுப் பெயர், லோகோ, சாப்பாட்டுப் பட்டியல், கடற்கரையில் ஓலைக் குடிசை, பக்கத்து வீட்டு மீனவரின் வள்ளத்தில் தீவுச் சவாரி என்று ஏற்கெனவே நண்பர்கள் சொன்ன யோசனைகளும் கைவசம் இருக்கின்றன.

இதற்குள் ஒரு சிக்கல். ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, தோன்றியதை எழுதச் சொல்லியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிய ஓவிய மாணவர் ஒருவர், பாம்பன் பாலத்தையும் அதன் கீழே போகும் ஒரு வள்ளத்தையும் அதில் வரைந்துவிட்டுப் போனார். படம் நன்றாக இருக்கவே, துணிப்பைகளில் அச்சடித்து விருந்தினர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாரோ போட்ட போட்டோவில் பையைப் பார்த்த மாணவர் இப்போது 15,000 ரூபாய் கேட்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. யோசனை சொன்னவர் நாளைக்கு வந்து லாபத்தில் பங்கு கேட்க முடியுமா? "வரும் யோசனைகள் அனைத்தும் நிர்வாகத்துக்கே சொந்தம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா? "யோசனையைத் தெருவில் வைத்துக் கேட்டால் பக்கத்து லாட்ஜ்காரன் எடுத்துக்கொண்டு போவான்" என்று அப்பா தடுக்கிறாரே, அது சரியா?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஆபத்து குறைவு. பயமே இல்லாமல் எழுதியிருக்கும் இடங்களில்தான் எனக்குக் கவலை. குலுக்கல், வள்ளம், அந்தப் பை, இந்த மூன்றும்.

யோசனை யாருக்குச் சொந்தம்?

வெறும் யோசனைக்கு நம் சட்டத்தில் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்கு உரிமை இல்லை, அந்தக் கருத்தை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உரிமை. "தீர்த்தமாடிவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணி காயப்போட மாடியில் இடம் கொடுங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார், நீங்கள் கொடுக்கிறீர்கள், கூட்டம் வருகிறது. அவர் பங்கு கேட்டு வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். அதே ஆள் மாடியின் அமைப்பை வரைபடமாகப் போட்டு அனுப்பி, அதை அப்படியே நீங்கள் அச்சடித்தால் கதை வேறு. யோசனை யாருடையதும் அல்ல, வரைபடம் அவருடையது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. "இதை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சோடு ஒருவர் விரிவான திட்டத்தைத் தனியாகக் கொடுத்து, அதை நீங்கள் அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தினால், நம்பிக்கை மீறல் என்ற வகையில் வழக்கு வரலாம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கருவைப் பற்றி 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே உங்கள் அறிவிப்பிலேயே, "ரகசியமாக வைக்க வேண்டிய எதையும் அனுப்ப வேண்டாம், வருகிற யோசனைகளை ரகசியமாகக் காக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கவில்லை, இதே யோசனை வேறு பலரிடமிருந்தும் வரலாம், எங்களுக்கே முன்பே தோன்றியிருக்கலாம்" என்று எழுதுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். நூறு பேர் எழுதினால் நாற்பது பேர் வைஃபையைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

அப்பா சொல்வது பாதி சரி. இன்ஸ்டாகிராமில் எல்லாரும் பார்க்கும்படி கமெண்டில் யோசனை கேட்டால் பக்கத்து லாட்ஜ்காரர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகக் கேட்காமலே இருக்க வேண்டியதில்லை. அறிவிப்பைப் பொதுவில் போடுங்கள், பதில்களைத் தனி வாட்ஸாப் எண்ணிலோ படிவத்திலோ வாங்குங்கள். அந்தப் படிவத்தில் பெயரையும் ஊரையும் ஃபோன் எண்ணையும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். போட்டிக்காக வாங்கிய எண்களுக்குத் தீபாவளி ஆஃபர் அனுப்பக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் கேட்கிறது, 12 அறை லாட்ஜுக்கும் சேர்த்தே.

அந்தத் துணிப்பை

இதில் மாணவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நோட்டு உங்களுடையது, காகிதம் உங்களுடையது, படத்தின் காப்புரிமை அவருடையது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ரிசப்ஷன் நோட்டில் அப்படி எதுவும் இல்லை. "பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தாலும் அது பையில் அச்சடிக்கிற அளவுக்கு நீளாது.

"எல்லாம் நிர்வாகத்துக்கே சொந்தம்" என்ற உங்கள் ஒற்றை வரியும் இதே காரணத்தால்தான் போதாது. இன்னொன்றையும் பாருங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். லோகோவை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகை மாற்ற ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்று வையுங்கள், சிக்கல்தான்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கலந்துகொள்கிற எல்லாரிடமும் ஒரு சிறிய அனுமதி மட்டும் வாங்குங்கள்: அனுப்பியதை லாட்ஜுக்குள்ளும் உங்கள் பக்கங்களிலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. படிவத்தில் அந்த வாசகம் இருந்தால் போதும். தேர்ந்தெடுத்து உண்மையிலேயே பயன்படுத்தப்போகிற படம், லோகோ, போட்டோ இவற்றுக்கு மட்டும், பரிசைக் கொடுக்கும்போது தனித்தாளில் உரிமை மாற்றத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்குப் பிறகும், தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். படத்தைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் 57ஆம் பிரிவில் அவருக்கு உண்டு. பெயரைப் பையின் ஓரத்தில் அச்சடிக்க உங்களுக்கு ஒரு காசும் அதிகம் ஆகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வரைந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக வரைகிறார்கள், அதனால் இது வரத்தான் போகிறது.

மாணவருக்கு 15,000 அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எத்தனை பை அடித்தீர்கள், விற்றீர்களா, சும்மா கொடுத்தீர்களா என்பதை வைத்துப் பேசி ஒரு தொகைக்கு வரலாம். கோர்ட்டுக்குப் போகிற விஷயமே இல்லை இது.

குலுக்கல் வேண்டாம்

சில விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் "இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது" என்று பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். வாங்குகிறவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பரிசு தரும் திட்டங்களை அது தடுக்கிறது. அறை வாடகை என்பது பொருள் வாங்குவதா சேவை பெறுவதா என்று வாதாட இடம் உண்டுதான். அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம். அனுமதியில்லாத லாட்டரி நடத்துவதும் அதை விளம்பரப்படுத்துவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவில் குற்றம்; 2003 முதல் லாட்டரியே இல்லாத மாநிலம் நம்முடையது. "எல்லா ஊரிலும்தான் செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். புகார் வராதவரை செய்கிறார்கள்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் குலுக்கல் உங்கள் நோக்கத்துக்கு எதிரானது. குலுக்கல் என்றால் நல்ல யோசனைக்கும் ஒற்றை வரிக்கும் ஒரே வாய்ப்புதானே? பிறகு யார் உட்கார்ந்து யோசித்து எழுதுவார்? பரிசைத் தகுதி பார்த்துக் கொடுங்கள். எதை வைத்து மதிப்பிடுவீர்கள், யார் மதிப்பிடுவார், கடைசித் தேதி என்ன, தகுதியான யோசனை வராவிட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

முன்னாலேயே சொல்வது ஏன் முக்கியம் என்பதற்குக் கடல் சம்பந்தப்பட்ட பழைய கதை ஒன்று உண்டு. நடுக்கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையை, அதாவது கிழக்கு மேற்கில் அது எங்கே இருக்கிறது என்பதை, கண்டுபிடிக்கும் வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்தது. வழி "நடைமுறைக்கு உகந்ததாகவும் பயனுள்ளதாகவும்" இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படித்த வானியலாளர்கள் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, தச்சுத் தொழில் தெரிந்த ஜான் ஹாரிசன் கடலில் ஓடும் கடிகாரத்தைச் செய்து கொடுத்தார். ஆனால் எது நடைமுறை, எது பயன் என்று பல ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1773இல் நாடாளுமன்றமே தலையிட்டு அவருக்குப் பணம் கொடுத்தது, அப்போது அவருக்கு வயது எண்பது. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் "சிறந்த யோசனைக்கு 25,000" என்று மொட்டையாக அறிவித்துவிட்டு யாருக்கும் தராமல் விட்டால், நிபந்தனையை நிறைவேற்றியவர் ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டிப் பணம் கேட்கலாம். பொது அறிவிப்பும் ஒப்பந்தமாகும்.

25,000 ரூபாயை ஒருவருக்கே கொடுப்பதைவிட ஐந்து பேருக்கு ஐயாயிரமாகக் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். பெரிய பரிசு பரிசு வேட்டைக்காரர்களைத்தான் கூட்டி வரும். பரிசில் வரி பிடிக்க வேண்டுமா என்பதையும் அறிவிக்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தரும் திட்டத்தை அப்படியே கைவிடுங்கள். காசோ சலுகையோ கொடுத்து வாங்கும் ரிவ்யூவைக் கூகுள் அனுமதிப்பதில்லை, மொத்தமாக நீக்கிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் என்ற பேச்சும் வரும். நல்ல யோசனை தந்தவருக்கு அடுத்த முறை தங்கத் தள்ளுபடி கொடுங்கள், அதில் தப்பில்லை. எத்தனை நட்சத்திரம் போட்டார் என்பதை அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

வள்ளம், குடிசை, பவளப்பாறை

யோசனை யாரிடமிருந்து வந்தாலும், அதைச் செய்தால் பொறுப்பு உங்களுடையது மட்டும். "விருந்தினரே கேட்டார்கள்" என்பது எந்த அதிகாரி முன்னாலும் பதிலாகாது. நம் கடற்கரையில் இந்த ஆபத்து மற்ற ஊர்களைவிட அதிகம்.

பக்கத்து வீட்டு அண்ணனின் வள்ளத்தில் தீவுக்கு அழைத்துப்போவது கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அந்த வள்ளம் மீன்பிடிக்கப் பதிவானது, பயணிகளை ஏற்ற அல்ல. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைக் கொன்றது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிய ஒன்றுதான். விபத்து நடந்தால் வள்ளக்காரர், நீங்கள், லாட்ஜின் கூட்டாளிகள் எல்லாரும் வழக்குக்குள் வருவீர்கள். "சொந்தப் பொறுப்பில் பயணம்" என்று போர்டு வைத்தாலும் தப்ப முடியாது. ஆசைப்படும் விருந்தினர்களை வனத்துறையே நடத்தும் காரங்காடு அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரிக்கு அனுப்புங்கள். தொண்டிப் பக்கம், கொஞ்சம் தூரம்தான், ஆனால் உங்களுக்கு நிம்மதி.

கடலோர ஓலைக் குடிசை, கடலோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிக்குள் வரும். ஓலைதானே, தற்காலிகம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. அனுமதி வாங்கிய பிறகு மூங்கில் நடுங்கள். அந்த விதியை மீறிக் கட்டிய கொச்சி மரடு அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

"அறைகளைப் பவளப்பாறைத் துண்டுகளால் அலங்கரிக்கலாம்" என்று யாராவது கட்டாயம் எழுதுவார். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலி இருக்கும் அதே அட்டவணையில். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்றாலும் எடுத்து வைக்காதீர்கள்.

சாப்பாட்டு யோசனைகளில் இவ்வளவு ஆபத்து இல்லை. கீழக்கரைத் தொதல், குண்டு மிளகாய் போட்ட கணவாய் வறுவல் என்று வந்தால் சந்தோஷமாகச் செய்யுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயைப் பட்டியலில் பெயர் சொல்லிப் போடுவதானால், உண்மையில் அந்த மிளகாயையே வாங்குங்கள். வீட்டில் செய்து தரும் பெண்களிடம் வாங்குவதானால் அவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்க வேண்டும். பதிவு செய்ய உதவுங்கள்.

யாரிடம் கேட்பது

இது சட்டம் இல்லை, கேட்காமலே சொல்கிறேன். மாரியட் போன்ற பெரிய ஹோட்டல் நிறுவனம் 2013இல் பொதுமக்களிடம் யோசனை கேட்டபோது, வந்து குவிவதைப் படித்துப் பிரிக்க அவர்களிடம் ஆள் இருந்தது. உங்களிடம் நீங்கள் ஒருவர். "எப்படி மாற்றலாம்?" என்று அகலமாகக் கேட்டால் நீச்சல் குளம் கட்டச் சொல்வார்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடியற்காலையில் ரயிலில் வந்து இறங்குகிற குடும்பம், அறை காலியாகும் மதியம் வரை பெட்டியும் குழந்தையுமாக எங்கே இருக்கும்? 22 தீர்த்தமும் ஆடிவிட்டு நனைந்த துணியோடு ஆட்டோவில் வந்து இறங்குகிற பாட்டி, அந்தத் துணியை எங்கே பிழிந்து, எங்கே காயப்போட்டு, மறுநாள் காலை ரயிலுக்குள் எப்படி உலர்த்துவார்? இப்படிக் கேட்டால் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கூடப் பதில் சொல்வார், அவர் பட்ட கஷ்டம் அது. கேள்வியை இந்தியிலும் போடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் அறைகளைச் சுத்தம் செய்கிற அக்காக்களிடமும் ரூம் பாயிடமும் கேட்டீர்களா? உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த அறையில் குளியலறை வாசலில் மணல் தேங்குகிறது, எந்த ஜன்னல் கம்பியில் விருந்தினர்கள் வேட்டியைக் கட்டிக் காயப்போட்டுக் கம்பி வளைந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பரிசு அவர்களுக்கும் உண்டு என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். அவர்கள் சொன்னது வேலையோடு சேர்ந்தது என்று சும்மா எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் தடுக்காது, ஆனால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. லாட்ஜ் அப்பா, சித்தப்பாக்கள் மூவரின் கூட்டு. நீங்கள் கூட்டாளி என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அப்படியானால் லாட்ஜ் பெயரில் பரிசு அறிவிக்க உங்களுக்கு அதிகாரம் தரும் கடிதம் ஒன்று வேண்டும், மூவரும் கையெழுத்திட்டு. ஒரு சித்தப்பா சிங்கப்பூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடமும் வாங்குங்கள், மின்னஞ்சலில் வந்தாலும் சரி. லோகோவின் உரிமை மாற்றத் தாளையும், புதுப் பெயரை 43ஆம் வகுப்பில் (தங்குமிடம், உணவுச் சேவைகளுக்கானது) வணிகக் குறியாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தையும் கூட்டு நிறுவனத்தின் பெயரில் போடுங்கள், உங்கள் பெயரில் அல்ல. அப்பா காலத்துக்குப் பிறகு பாகம் பிரிக்கும்போது பெயர் யாருக்கு என்ற சண்டை எத்தனையோ கடைகளை மூட வைத்திருக்கிறது.

இதெல்லாம் முடிய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை பை அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, மாணவருக்கு இன்றே ஒரு பதில் அனுப்புங்கள்: படம் அவருடையது என்பதை ஒப்புக்கொண்டு, இதுவரை எத்தனை பை அடித்தோம் என்ற கணக்கையும் சேர்த்து.